ஒரே வான், பல மடிகள்: திருக்கேதீஸ்வரக் கூட்டுப் பயணத்தின் பொருளியல் குறித்த ஓர் ஆய்வு

யாழ்ப்பாணத்திலிருந்து நண்பர்களாகச் சேர்ந்து சிவராத்திரிக்கு மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீஸ்வரம் போவதற்கு வேண்டியவை மூன்று: வான், சாரதி, ஒருமித்த கருத்து. முதலிரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். மூன்றாவது ஏன் கிடைப்பதில்லை என்பதே இவ்வாய்வின் பொருள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குழுவினர் ஒரே பாடசாலையில் ஒரே வருடம் உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள். அந்தக் காலத்தில் எல்லோரிடமும் ஒரே அளவு காசு இருந்தது. அதாவது ஒருவரிடமும் இருக்கவில்லை. ஆகவே சினேகிதம் தழைத்தது. பிறகு காலம் தன் வேலையைக் காட்டியது. ஒருவர் வங்கி முகாமையாளர் ஆனார். ஒருவர் ஆசிரியர். ஒருவர் சந்தியில் பலசரக்குக் கடை போட்டார். ஒருவர் மேசன். ஒருவர் கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்து நிற்கிறார். ஆய்வு அறம் கருதி இவர்கள் தொழிலால் மட்டுமே சுட்டப்படுகின்றனர். பெயரைப் போட்டால் அடி விழும் என்பதும் கருத்திற் கொள்ளப்பட்டது.

தரவுகள் குழுவின் வட்ஸ்அப் உரையாடல்களிலிருந்து திரட்டப்பட்டவை. அவற்றில் முதலில் கண்ணிற்படுவது, “என்னட்டக் காசில்லை” என்ற வாக்கியம் ஓரிடத்திலும் காணப்படாமை. அது இருக்கவேண்டிய இடங்களிலெல்லாம் வேறு வாக்கியங்கள் குந்திக்கொண்டிருக்கின்றன. “பாப்பம் மச்சான்.” “வீட்டில ஒருக்காக் கேட்டுச் சொல்லுறன்.” “இடுப்பு நோ, அவ்வளவு தூரம் இருக்கேலாது.” “அண்டைக்குத்தான் மனுசியின்ர சொந்தத்துக்க ஒரு அலுவல்.” இதில் இடுப்பு நோவைச் சொன்னவர் நாள்முழுதும் சாரத்தில் ஏறி நின்று சுவர் பூசுகிற மேசன் என்பதை வாசகர் கவனிக்கவேண்டும்.

காசு உள்ளவர்கள் பக்கத்திலும் மறைமொழி உண்டு. அதில் மிகவும் ஆபத்தானது கனடாக்காரர் ஒரு நல்ல மனதில் எழுதிய வாக்கியம்: “காசைப் பற்றி ஒருத்தரும் யோசிக்காதேங்கோ, முழுக்க நான் பாக்கிறன்.” இதற்குப் பிறகு குழுவில் ஒரு சத்தமில்லை. கடைக்காரர் மட்டும் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டார். அது சம்மதமா, சகிப்பா என்பது பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. காசில்லாமையால் நின்றுபோன பயணங்களைவிட இந்த ஒரு வாக்கியத்தால் நின்றுபோன பயணங்களே அதிகம் என்பது என் துணிபு. கடன்பட்டாவது தன் பங்கைக் கொடுப்பவனுக்கு வானில் ஒரு வாய் உண்டு; “கண்ணாடியைத் திற, காத்து வரட்டும்” என்று அவனால் சொல்லமுடியும். பங்கு கொடாதவன் குளிரூட்டியில் விறைத்துக்கொண்டே வரவேண்டும்.

இனிக் கணிதத்துக்கு வருவோம். வான் வாடகை 30,000 ரூபா என்றும் ஆட்கள் 10 பேர் என்றும் வைத்துக்கொள்வோம். தலைக்கு 3,000. ஒருவர் இடுப்பு நோவென்று விலகினால் மீதி ஒன்பது பேருக்கும் 3,333. இன்னொருவர் விலக 3,750. இந்தக் கட்டத்தில், 3,000 கொடுக்கலாம் என்று நினைத்திருந்த மூன்றாமவருக்கும் இடுப்பு நோகத் தொடங்கும். இதை ‘விலகல் விளைவு’ என அழைக்கலாம். இதன் கொடுமை என்னவென்றால், வருவதற்குக் காசில்லாதவன் வராமல் நிற்பதாலும் மற்றவனுக்குச் செலவு வைக்கிறான். அது அவனுக்கும் தெரியும். ஆகையால்தான் அவன் கடைசிக் கிழமை வரைக்கும் “பாப்பம்” என்கிறான்.

தலைக்கு 3,000 என்ற கணக்கே பிழை என்பது என் அடுத்த வாதம். இலங்கையில் மகா சிவராத்திரி பொது விடுமுறை. வங்கி முகாமையாளரும் ஆசிரியரும் சம்பளத்தோடு சாமி கும்பிடுகிறார்கள். மேசனுக்கு அன்றைய கூலி இல்லை. இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு மறுநாள் சாரத்தில் ஏறினால் விழுவார்; அந்த நாட் கூலியும் இல்லை. அவருடைய பங்கு 3,000 அல்ல, 3,000உம் இரண்டு நாட் கூலியும். இதை வங்கி முகாமையாளர் ஒரு நொடியில் கூட்டியிருக்கலாம். தொழிலால் அதற்குத் தகுதியுள்ள ஒரே ஆள் அவர்தான். ஆனால் வங்கியாளர்கள் விடுமுறை நாளில் கணக்குப் பார்ப்பதில்லை.

முன்னோர் இப்பிரச்சினையை எப்படிக் கையாண்டனர் என்று பார்ப்பது ஆய்வு மரபு. இத்தலத்தைப் பாடிய சம்பந்தரும் சுந்தரரும் இராமேஸ்வரத்தில் நின்றபடியே பாடினார்கள் என்று பெரியபுராண மரபு கூறும். கடல் கடக்கவில்லை; தோணிக் கூலி இல்லை; பாடல் மட்டும் வந்து சேர்ந்தது. போகாமலே போனதாகக் கணக்கில் சேரும் இந்த முறைக்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது. “நீங்கள் போட்டு வாங்கோ, நான் இங்கயிருந்தே கும்பிடுறன்” என்று மேசன் எழுதியபோது அதை நொண்டிச்சாட்டு என்று கடைக்காரர் ஏசினார். அது தேவார மரபு என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபோது, இரு கரையிலும் ரயில் வந்து அதைச் சந்தித்தது. ஒரே ரயிலில் வகுப்புகளைப் பிரித்துவிட்டார்கள். மெத்தைக்காரனும் பலகைக்காரனும் ஒரே நேரத்தில் இறங்குவான். ஒருவன் செலவு மற்றவனை உறுத்தாது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்தத் தொடர்பு அறுந்தது. யுத்தத்தில் தலைமன்னார்ப் பாதையே இல்லாமற்போய், 2015 மார்ச்சில்தான் மீண்டும் ரயில் ஓடியது. திருக்கேதீஸ்வரத்துக்கென்று அதில் ஒரு நிலையமும் இருக்கிறது. வான் கதை ஏறிக்கொண்டுபோன ஒரு நாள் ஆசிரியர் இதைக் குழுவில் எடுத்துப் போட்டார். யாழ்ப்பாணத்து ரயில் தெற்கே மதவாச்சி வரைக்கும் போய், அங்கே இறங்கி, மறுபடி வடமேற்கே திரும்பிவரவேண்டும் என்று வரைபடத்தோடு விளக்கமும் கொடுத்தார். “காதைச் சுத்தி மூக்கைத் தொடவோ?” என்று கேட்டார் கனடாக்காரர். பூநகரி வழியாக இ.போ.ச. பஸ் ஓடுகிறதே என்று யாரோ முனகியதற்கு மறுமொழி வரவில்லை.

வானுக்குள் வகுப்பு இல்லை என்பது ஒரு மயக்கம். சாரதிக்குப் பக்கத்து இருக்கை முதலாம் வகுப்பு. பின் வரிசை, பைகளோடும் தண்ணீர்ப் போத்தல்களோடும், மூன்றாம் வகுப்பு. ஒரே காசைக் கொடுத்துவிட்டு யார் எங்கே இருக்கிறார்கள் என்று நாவற்குழியில் பார்த்துக்கொண்டால் போதும்; 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, முழங்காவில், வெள்ளாங்குளம், விடத்தல்தீவு என்று மாந்தைச் சந்தி வரைக்கும் அந்த ஒழுங்கு மாறுவதில்லை.

பங்கு சேர்ப்பதில் உண்டாகும் தாமதத்துக்கும் இத்தலமே சான்று தரும். போர்த்துக்கேயர் இடித்த கோயிலை மீளக் கட்டவேண்டும் என்று ஆறுமுக நாவலர் 1872இல் சைவர்களைத் தட்டியெழுப்பினார். அந்தக் காணி சைவர் கைக்கு வருவதற்கே இருபது வருடங்களுக்கு மேல் சென்றது. நாவலர் 1879இலேயே சிவபதம் அடைந்துவிட்டார். திருப்பணிச் சபை ஒழுங்காக வேலையைத் தொடங்கியது 1948இல். ஆகவே தைப்பொங்கலன்று கேட்ட முற்பணம் மாசி பிறந்தும் வரவில்லை என்று வானுக்குப் பொறுப்பாக நின்ற ஆசிரியர் குழுவில் கொதித்ததை, வரலாற்று நோக்கின்மை என்றே சொல்லவேண்டும்.

இங்கே ஓர் அரிய இயற்கைப் பரிசோதனையைக் குறிப்பிடவேண்டும். இந்திய அரசின் நிதியுதவியோடு கருங்கல்லால் புதுக்கப்பட்ட கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 2022 ஜூலை 6இல். அவ்வருடம் ஜூன் 28 முதல் ஜூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. டீசல் லீற்றர் 460 ரூபா. அந்த விலைக்கும் இல்லை. வான் உரிமையாளர் தொலைபேசியிலேயே சிரித்தார். கனடாவிலிருந்து எவ்வளவு டொலர் அனுப்பினாலும் நிரப்புநிலையத்தில் அது பயன்படாது. வரலாற்றில் முதல்தடவையாக முகாமையாளரும் மேசனும் கடைக்காரரும் ஒரே நிலையில் நின்றார்கள். குழுவில் ஒருவருக்கும் இடுப்பு நோகவில்லை. எல்லோரும் வீட்டிலிருந்தே, சம்பந்தர் முறையில், கும்பிட்டார்கள். “காசில்லை” என்பதற்குப் பதிலாக “டீசல் இல்லை” என்று சொல்லக்கிடைத்ததில் மேசன் அடைந்த நிம்மதியைப் பொருளியலார் அளந்ததில்லை.

பஞ்சம் எல்லோரையும் சமப்படுத்தும். ஆனால் ஒரு பயணத்துக்காகப் பஞ்சத்தை வேண்டமுடியாது. பஞ்சத்தின் வேலையைச் செய்யக்கூடிய, எவருக்கும் தீங்கில்லாத, ஆண்டுக்கொருமுறை தவறாமல் வரக்கூடிய ஒன்று உண்டா? உண்டு. அதுதான் சிவராத்திரி. இதுவே இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு.

கூட்டுப் பயணங்களில் சண்டை மூளும் இடங்கள் சாப்பாடும் படுக்கையும். ஒருவருக்கு மேசையில் விரிப்பிட்ட ஹோட்டல். மற்றவருக்கு வீதியோரக் கொத்துரொட்டி. ஒருவருக்குக் குளிரூட்டிய அறை. மற்றவருக்கு வானுக்குள் கால்நீட்ட இடம். சிவராத்திரியில் சாப்பிடக்கூடாது. நித்திரை கொள்ளவும் கூடாது. ஒரு சைவ விதி, ஒரே வீச்சில், செலவுப் பட்டியலின் இரு பெரிய வரிகளையும் வெட்டிவிடுகிறது. வேறெந்தச் சுற்றுலாத் திட்டமும் இதைச் சாதித்ததில்லை. கோயிலிலும் அதே கதை: பாலாவியில் தோய்ந்து, குடத்தில் தீர்த்தம் மொண்டுவந்து, மகாலிங்கத்துக்குத் தன் கையாலேயே வார்க்கலாம். முகாமையாளரின் குடத்துக்குள்ளும் மேசனின் குடத்துக்குள்ளும் பாலாவித் தண்ணீர்தான். வரிசையும் ஒன்று, வழுக்குகிற தரையும் ஒன்று.

எனினும் விரதத்தில் தளர்வு புகுந்தால் வர்க்கமும் கூடவே புகும். இவ்வளவு இழுபறிக்குப் பிறகும் ஒருவாறு வான் புறப்பட்டது; மேசனும் ஏறினார். “பால் பழம் எடுக்கலாம்” என்று ஆசிரியர் சொன்ன மாத்திரத்தில் முகாமையாளர் பையைத் திறந்து பேரீச்சம்பழமும் இறக்குமதி அப்பிளும் எடுத்தார். மேசனிடம் வெறுந்தேத்தண்ணிப் போத்தல். ஆதலால் பொருளாதாரக் காரணங்களுக்காகவேனும் தண்ணீரும் குடியாத முழு விரதத்தையே இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. சமயக் காரணங்களைக் குருக்கள்மாரிடம் கேட்டறிக.

சாரதி இந்த விதிகளுக்குள் வரமாட்டார். அவர் சாப்பிடவேண்டும், நித்திரையும் கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வருகையில் இலுப்பைக்கடவையில் எல்லோரும் சிவபதம். எனவே அன்றிரவு முழுக் குழுவின் சாப்பாட்டுச் செலவும் சாரதியின் ஒரு பார்சல்தான். தலைக்கு நாற்பது, ஐம்பது ரூபா. அதைக் கொடுக்க முந்திக்கொண்டு கைநீட்டியவர் மேசன். அந்த இரவில் ஒரு செலவை முழுதாகத் தானே ஏற்க அவருக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. கனடாக்காரர் தடுக்கப் போனார். ஆசிரியர் அவருடைய காலை மிதித்தார். குழுவில் ஒருவருக்காவது பிரச்சினை விளங்கியிருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

நாலாம் சாமப் பூசை முடிந்து, விடியப் பாலாவியில் முழுகி, பாறணைக்கு அமர்ந்தபோது சமத்துவம் முடிவுக்கு வந்தது. மடத்தில் போட்ட சோற்றோடு பாதிப்பேர் நிறைவடைய, மீதிப்பேர் தலைமன்னார் பார்க்கவேண்டும் என்றார்கள். அது மேலதிக கிலோமீற்றர். வான்காரருக்கு மேலதிகக் காசு. நீண்ட வாதத்தின் பின், பாலம் கடந்து மன்னார்ப் பட்டினம் வரைக்கும் என்று சமரசம். அங்கே பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் வீதியில் உலாவுகிற கழுதைகளையும் பார்க்கக் காசு தேவையில்லை என்பது இந்த முடிவுக்கு உதவியது.

பட்டினத்தில் எதிர்பாராத ஒரு விளைவு பதிவாயிற்று. மன்னாருக்கு வந்து கருவாடு வாங்காமல் போவதா என்று கேட்டார் கடைக்காரர். கோயிலுக்குப் போன வானில் கருவாடு ஏற்றலாமா என்று ஆசிரியர் மறித்தார். பாறணை முடிந்தபின் தோஷமில்லை என்ற கட்சி வென்றது. பொதிகள் வானின் மேற்கூரையில் கட்டப்பட்டன. கடையில் வைத்துத்தான் கனடாக்காரரின் முகம் வாடிற்று. விமானப் பொதிக்கு 23 கிலோ எல்லை. மிளகாய்த்தூளும் வடகமும் பனங்கிழங்கு ஒடியலும் ஏற்கெனவே அதை நிரப்பியிருந்தன. முழுக்க நான் பாக்கிறன் என்றவருக்கு இப்போது ஒரு கிலோவுக்கு மேல் கட்டுப்படியாகவில்லை. மேசன் முன்னே வந்து, கட்டாக் கருவாட்டைப் புரட்டி, மணந்து பார்த்து, காய்ச்சல் போதாதென்று ஒரு குவியலை ஒதுக்கி, அடுத்த குவியலில் விலை பேசி ஐந்து கிலோ வாங்கினார்.

“உனக்கும் சேத்துத்தான் மச்சான். ஒரு கிலோவை இப்ப கொண்டுபோ. மிச்சம் என்ர வீட்டில கிடக்கட்டும், அடுத்தமுறை வந்து தின்.”

காசை எடுக்கப் பையில் கைவிட்ட கனடாக்காரரைப் பார்த்து மேசன் சொன்னதை அப்படியே பதிவுசெய்கிறேன்: “காசைப் பற்றி யோசிக்காத, நான் பாக்கிறன்.”

கனடாக்காரர் தனக்கு இடுப்பு நோவதாகச் சொல்லி வானுக்குப் போய் ஏறினார்.