உங்க இஷ்டம் சார்!

எல்லா அலுவலகத்திலும் இவர் ஒருவர் இருப்பார். நெற்றியில் பட்டை, மணிக்கட்டில் அரை டஜன் கயிறு, சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம். பேச்சை எடுக்கும்போதே, "நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன் சார்" என்பார். விவரம் தெரிந்தவர்கள் உடனே டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். புதிதாக மாற்றலாகி வந்தவர் மட்டும் மாட்டிக்கொள்வார்.

விஷயம் வேறொன்றுமில்லை, திருவண்ணாமலை கிரிவலம். பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடும். "சும்மா தகவலுக்குச் சொல்றேன், வேன்ல ஒரு சீட் இருக்கு. உங்க இஷ்டம்." மறுநாள், "ஜன்னலோரமாவே போட்டுட்டேன். உங்க இஷ்டம்." அதற்கு மறுநாள் உங்கள் வீட்டம்மாவுக்கே போன் போயிருக்கும். அப்புறம் ஏது உங்கள் இஷ்டம்?

தப்பித்தவன் பாடு இன்னும் மோசம். ஸ்கூட்டர் பஞ்சரானாலும் சரி, இன்கிரிமென்ட் தள்ளிப்போனாலும் சரி, 'உச்' கொட்டிக்கொண்டு வந்து நிற்பார். "நான் ஒண்ணும் சொல்லலை சார். போன பௌர்ணமிக்கு நீங்க வரலை. அவ்வளவுதான்." விபூதியை நீட்டுவார். பூசும்வரை நகர மாட்டார். பூசியபின், "துளி வாயிலயும் போட்டுக்குங்க."

சாப்பாட்டு வேளையில் வாயே திறக்க மாட்டார். உங்கள் டிபன் டப்பாவில் முட்டையைப் பார்ப்பார். சுவரில் காலண்டரைப் பார்ப்பார். மறுபடி முட்டை. அன்று கிருத்திகை என்பது உங்களுக்கே உறைக்கும்; முட்டை தொண்டையில் நிற்கும்.

மதத்தைப் பரப்ப உரிமை உண்டு, அடுத்தவரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. முட்டையைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இந்த ஜாதி மனிதர் எல்லா மதத்திலும் உண்டு. கடவுளே இல்லை என்பவர்களிலும் உண்டு. கையில் கயிற்றைக் கண்டால் கத்தரிக்கோல் தேடுவார்கள்.

இத்தனைக்கும், 1896-ல் அதே மலைக்கு வந்து 1950-ல் கண்மூடும்வரை அங்கேயே இருந்த ரமணர் யாருக்கும் சீட் போட்டு வைக்கவில்லை. பேசியதே குறைவு. கடல் கடந்தெல்லாம் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நம்மவரின் மனைவியையே எடுத்துக்கொள்ளுங்கள். விசேஷ நாளென்றால் தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புவார், கூட ஒரு வார்த்தை கிடையாது. விரலை நக்கிக்கொண்டே, "எந்தக் கோயில் பிரசாதம்?" என்று நாங்களாகத்தான் கேட்போம். இரண்டு பேர் அந்தக் கோயிலுக்குப் போயும் வந்தார்கள். வேன் வைத்தவருக்கு இன்றுவரை அந்த ரகசியம் பிடிபடவில்லை.

ஆனாலும் மனுஷர் கெட்டவரில்லை. உங்கள் பிள்ளையின் பரீட்சைக்கு உங்களைக் கேட்காமலே அர்ச்சனை செய்துவிட்டு வருபவர்; காசும் வாங்க மாட்டார். எனவே ஒரு தடவை போய்த்தான் பாருங்கள். 14 கிலோமீட்டர், வெறுங்கால் நடை. வழியில் வரும் எட்டு லிங்கத்தில் நாலாவது நிருதி லிங்கம். அதைத் தாண்டினால் அவருக்கே மூச்சு வாங்கும், பேச்சு நின்றுவிடும். மீதிப் பாதி மலையை நீங்கள் நிம்மதியாகச் சுற்றலாம்.