சீர்த்தட்டும் கீஃபிரேமும்

குடும்பத்தில் ஒருவன் லேப்டாப் வைத்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டால் போதும். அவனுக்கு வீடியோ எடிட்டிங்கும் தெரியும் என்பது உறவினர்களின் துணிபு. அண்ணன் மகள் காதுகுத்துக்கு அப்பா வீடியோக்காரர் வைக்கவில்லை. "ஆளாளுக்குக் கையில கேமரா இருக்கு, எதுக்கு தண்டச் செலவு?" என்றார். ஆளாளுக்குக் கையில் கேமரா இருந்தது வாஸ்தவம். ஆளாளுக்கு எடுத்தது அத்தனையும் என்னிடம் வந்து சேர்ந்தது.

பெரியப்பா பரணிலிருந்து இறக்கிய ஹேண்டிகேமில் எடுத்திருந்தார். அதன் மெமரி கார்டு எஃப்ஏடி32 ரகம். ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட விடாது. அதனால் குழந்தைக்குப் பாதி மொட்டை ஒரு ஃபைலிலும் மீதி மொட்டை அடுத்த ஃபைலிலும் இருந்தன. சித்தப்பா போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்திருந்தார். வாட்ஸ்அப்பில் வந்த துண்டுகளில் யாருக்கும் மூக்கு இல்லை. "வெட்டி ஒட்டணும், அவ்வளவுதானே" என்று எல்லோரும் சொன்னார்கள். ஆசாரி காது குத்தும்போதும் இப்படித்தான் "எறும்பு கடிச்ச மாதிரி" என்றார்கள். காது யாருடையது என்பதைப் பொறுத்தது அது.

இலவச மென்பொருளில் ஒரு ஜாதி உண்டு. இறக்குவது இலவசம், வெட்டுவது இலவசம். கடைசியில் சேமித்துப் பார்த்தால் மாரியம்மன் முகத்துக்கு நேராகக் கம்பெனியின் பெயர் முளைத்திருக்கும். அதை எடுக்க மாதச் சந்தா. அந்த ஜாதியை விட்டுவிடுவோம். உண்மையிலேயே காசு கேட்காதவை அவிடெமக்ஸ், லாஸ்லெஸ்கட், ஷாட்கட், கேடென்லைவ் போன்றவை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் எஃப்எஃப்எம்பெக் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஃபாப்ரிஸ் பெல்லார் என்கிற பிரெஞ்சுக்காரர் 2000-இல் தொடங்கி வைத்தது. எங்கள் ஊர் மொட்டைக்கும் அது பயன்படும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

நான் அவிடெமக்ஸை எடுத்துக்கொண்டேன். அதில் 'காப்பி' என்று வைத்து வெட்டினால் படத்தை மறுபடி என்கோடு செய்யாமல், இருக்கிறபடியே நறுக்கித் தந்துவிடும். தரம் குறையாது, கிழட்டு லேப்டாப்பும் மூச்சு வாங்காது. ஒரே ஒரு நிபந்தனை: துண்டின் ஆரம்பம் கீஃபிரேமில் விழ வேண்டும்.

கீஃபிரேம் புரிய மொய் நோட்டைப் பார்த்தால் போதும். ஊர்ப் பெயரை ஒரு முறை முழுதாக எழுதிவிட்டு, கீழே வருகிறவர்களுக்கெல்லாம் 'மேற்படி' என்று போட்டுக்கொண்டே போவார்கள் அல்லவா? வீடியோவும் அப்படித்தான் சிக்கனம் பிடிக்கிறது. எப்போதாவது ஒரு முழுப் படம். அடுத்து வருவதெல்லாம் மேற்படி, கையை மட்டும் கொஞ்சம் தூக்கியிருக்கிறார், மேற்படி, வாயைத் திறக்கிறார். நோட்டை நடுவில் கிழித்தால் மேற்படிக்கு ஊர் இல்லாமல் போய்விடும். அந்தக் காலத்துப் படச்சுருளில் இந்த வம்பு கிடையாது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம், ஒவ்வொன்றும் முழுப் படம். 1924-இல் ஐவான் செரூரியர் உருவாக்கிய மூவியோலா என்கிற எடிட்டிங் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, நினைத்த இடத்தில் கத்தி வைக்கலாம். நூறு வருஷ முன்னேற்றத்துக்குப் பிறகு நான் மென்பொருள் காட்டும் இடத்தில்தான் வெட்டலாம்.

ஹேண்டிகேம் துண்டுகள் சமர்த்தாக ஒட்டிக்கொண்டன. சித்தப்பாவின் நெட்டுக்குத்துப் படம் ஒட்ட மறுத்தது. எல்லாத் துண்டுக்கும் அகலமும் உயரமும் ஒரே அளவாக இருந்தால்தான் அவிடெமக்ஸ் சேர்க்கும். "அளவு ஒத்துவரல சித்தப்பா" என்றேன். "வீட்டு மனையைப் பிரிச்சப்பவும் உங்கப்பன் இதத்தான் சொன்னான்" என்றார். மொய் வாசிப்பு முக்கால் மணி நேரம் ஓடியது. அதில் ஒரு நொடி குறைத்தாலும் யாரோ ஒருவரின் ஐநூறு ரூபாய் குறையும் என்பதால் கை வைக்கவில்லை. "நான் வர்றத வெட்டாத, நான் சாப்பிடறத வெட்டிரு" என்பது பெரியம்மாவின் உத்தரவு. பந்தியைத் தவிர வேறெங்கும் அவர் வரவில்லை.

இதெல்லாம் சில்லறை. சீர்வரிசைதான் விவகாரம். தாய்மாமன் சீராக அண்ணியின் தம்பி 21 தட்டு கொண்டுவந்தார். அந்த வீடியோ தனியாக வேண்டும், மாமன் வீட்டுக்கு அனுப்ப. அதை எடுத்த பையன், அனுப்பச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு கன்வர்ட்டரில் போட்டுச் சுருக்கியிருந்தான். இந்த மாதிரி வேலைக்குப் பரவலாகப் பயன்படும் எக்ஸ்264 என்கிற என்கோடர், சொந்த யோசனையில் விட்டால், காட்சி சட்டென்று மாறாதவரை 250 ஃபிரேம் வரைக்கும் 'மேற்படி'யிலேயே ஓட்டிவிடும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் எட்டு நொடிக்கு மேல் ஊர்ப் பெயரே வராது.

அந்த எட்டு நொடிக்குள் என் அத்தை இருந்தார். கோயில் வாசலில் நின்று, தூரத்தில் வரும் தட்டுகளை எண்ணி, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்கிறார், தெள்ளத் தெளிவாக: "இவ்வளவுதானா?" அவர் வாயை மூடியதும் கேமரா மெல்லத் திரும்ப, முதல் தட்டு நுழைகிறது. வெட்டு அந்த இடைவெளியில் விழ வேண்டும். அங்கே கீஃபிரேம் இல்லை. ஒன்று அத்தை வாய் திறப்பதற்கு முன்னால் இருந்தது. அடுத்தது மூன்று தட்டு கடந்துபோன பிறகு. முன்னதில் வெட்டினால் அத்தை சொன்னது மாமன் வீட்டுக்குக் கேட்கும். பின்னதில் வெட்டினால் 21 தட்டு 18 ஆகும். குறைவு மட்டுமல்ல, இரட்டைப்படை வேறு. மறுபடி என்கோடு செய்தால் எந்த ஃபிரேமிலும் வெட்டலாம்தான். ஆனால் ஏற்கெனவே ஒரு முறை சுருங்கிய படம்; இன்னொரு முறை சுருக்கினால் தட்டில் இருப்பது ஆப்பிளா தக்காளியா என்று பஞ்சாயத்து வரும். சீர் விஷயத்தில் அது சின்ன வித்தியாசம் இல்லை.

முன் கீஃபிரேமிலேயே வெட்டினேன். ஒலியை மட்டும் தனியே பிரித்து, ஆடாசிட்டி என்கிற ஒலி மென்பொருளில் அந்த இடத்தில் அன்றைக்கு வாசித்த நாதஸ்வரத்தையே ஏற்றி, மேளத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்து, திரும்பப் படத்தோடு சேர்த்தேன். அத்தையின் வாய் அசைகிறது. கேட்பதோ கல்யாணி ராகம். புருவத்தை வேறு உயர்த்தியிருந்தாரா, பார்த்தால் வாயடைத்துப்போய் வியக்கிற மாதிரியே இருந்தது. அத்தையே போட்டுப் பார்த்துவிட்டு, "ஏய்யா, நான் எவ்வளவு லட்சணமா நிக்கிறேன்" என்று சொல்லி நாலு பேருக்கு அனுப்பினார்.

மறுநாள் காலையில் மாமன் வீட்டிலிருந்து போன். "மாப்ள, வீடியோ பிரமாதம். ஆரம்பத்துல உங்க அத்தை நம்ம சீரைப் பாத்து ஏதோ பெருமையாச் சொல்றாங்க போல. எங்க அம்மாவுக்கு அது என்னன்னு கேக்கணுமாம். அந்த இடத்துல மட்டும் மேளத்தை எடுத்துட்டு, குரலைக் கொஞ்சம் ஏத்தி விடுங்களேன்."