அது கிதார் இல்லை, மாமி

என் மகள் பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். சுடுவது அவள் வேலை. அந்த ரைபிளை வீட்டிலிருந்து சுடுதளத்துக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் சுமப்பது என் வேலை. ஒலிம்பிக்கில் முதல் வேலைக்கு மட்டும்தான் பதக்கம் கொடுக்கிறார்கள்.

சட்டப்படி இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம்கூட வேண்டாம். இவளுடையது அந்த ஆற்றலில் பாதியைத் தொடாது. மிளகு அளவு ஈயக் குண்டு ஒன்று, பத்து மீட்டர் தள்ளி இருக்கும் அரை மில்லிமீட்டர் புள்ளியைத் தேடிப் போகிறது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டில் ஏறுகிறவர்கள் ஆயுத விதிகளைப் படித்தவர்கள் அல்லர், சினிமா பார்த்தவர்கள். நாலடி நீளத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, அதைத் தூக்கிக்கொண்டு முகச்சவரம் செய்யாத ஓர் ஆள். அவர்கள் மாடிப்படியில் இறங்கிப் போனதில் தப்பில்லை.

எல்லாக் கெடுதலும் ஹாலிவுட் செய்தது. தாம்சன் துப்பாக்கியை வயலின் பெட்டிக்குள் வைத்துப் பழக்கியவர்கள் அவர்கள்தான். முழு வயலின் இரண்டடி, தாம்சன் ஏறக்குறைய மூன்றடி. கட்டையைக் கழற்றாமல் அது எப்படி உள்ளே போகும் என்று எந்த ரசிகரும் எழுந்து கேட்டதில்லை. 1995இல் வந்த 'டெஸ்பராடோ'வில் கதாநாயகன் கிதார் பெட்டி நிறையத் துப்பாக்கியோடு அலைகிறான், ஒருவராவது அவனை ஒரு பாட்டு வாசிக்கச் சொல்ல வேண்டுமே! அந்தப் படத்தை எடுத்தவர்கள் மயிலாப்பூரில் குடியிருந்ததில்லை.

நாங்கள் குடியிருக்கிறோம். "மாமா, பேசாம ஒரு கிதார் பையில போட்டுத் தூக்கிட்டுப் போங்க, ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான்" என்று யோசனை சொன்னவன் என் மச்சினன். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை, உண்மைதான். ஒருத்தி பார்த்தாள். மூன்றாம் மாடி மாமி.

"என்னடி, கிதார் கத்துக்கறியா? சொல்லவே இல்லையே!"

மகள் சிரித்து மழுப்பினாள். மழுப்பலுக்கு அடுக்குமாடியில் ஒரே அர்த்தம், ஆமாம். அடுத்து லிஃப்டில் பார்த்தபோது எந்த சார் சொல்லித் தருகிறார் என்று கேட்டார். அதற்கடுத்து, ராஜா சார் பாட்டு ஏதாவது வருமா என்றார். பொங்கல் விழாவுக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். கோலப்போட்டிக்கும் மாறுவேடப்போட்டிக்கும் நடுவில் என் மகள் பெயர், பக்கத்தில் 'கிதார் இசை'. மாறுவேடப்போட்டியில் போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

கிதார் பை அன்றோடு பரணுக்குப் போனது. கிரிக்கெட் உறையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். விதிப்படி மட்டையின் நீளம் 38 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, ரைபிள் தாண்டும். வெளியே நீட்டிய குழலுக்குத் துண்டு சுற்றிப் பார்த்தோம். "பேட்டுக்கு அடிபட்டுடுச்சா சார்?" என்று ஆட்டோக்காரர் அனுதாபப்பட்டார்.

மாமியாரின் வீணைப் பெட்டிதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. நீளம் தாராளம், அகலம் ஏராளம். ரைபிளைச் சுற்றி ஒரு போர்வையும் இரண்டு தலையணையும் வைக்க இடமிருந்தது. பறக்கும் ரயிலில் ஏறியதும் கூட்டம் தானாக வழிவிட்டது. ஓர் அம்மாள் எழுந்து இடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பெட்டியை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கும்பிட்டது யாரை என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. மாமியாருக்குச் சேதி போனபோது, "சரஸ்வதி இருந்த இடத்துல இதைப் போய் வெச்சிருக்கீங்களே மாப்பிள்ளை" என்றார். ஆயுத பூஜையன்று அரிவாள்மணைக்கும் மிக்ஸிக்கும் அவர் குங்குமம் வைப்பதை நினைவூட்டினேன். அந்தப் பூஜையின் பெயருக்கு நியாயம் செய்கிற ஒரே பொருள் இந்த வீட்டில் ரைபிள்தானே என்றும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பயிற்சியாளர் பேசினார். வீணைப் பெட்டியைச் சுடுதளத்தில் இறக்கியதைப் பார்த்தவர் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"சார், ரைபிளுக்குன்னு பெட்டி இருக்கு. அதுல வைங்க. பூட்டுங்க. குண்டு தனியா இருக்கட்டும். சங்கத்து அட்டை, கிளப் கடிதம் ரெண்டும் கையோட இருக்கணும். போலீஸ் கேட்டா திறந்து காட்டுங்க, அஞ்சு நிமிஷம். வீணைப் பெட்டிக்குள்ளேருந்து ரைபிள் வந்துச்சுன்னா, எந்த அட்டையும் உங்களைக் காப்பாத்தாது."

அபினவ் பிந்த்ரா எப்படிக் கொண்டு போனார் என்று கேட்டேன். 2008இல் பெய்ஜிங்கில் இதே பத்து மீட்டரில் தங்கம் வாங்கியவர் ஆயிற்றே, ஏதாவது வழி வைத்திருப்பார்.

"அவருக்கு அவங்க அப்பா வீட்டுலயே சுடுதளம் கட்டிக் கொடுத்தார் சார்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் வாசலிலிருந்து வாஷிங் மெஷின்வரை நடந்தாலும் பத்து மீட்டர் வராது.

ஆக, கறுப்புப் பெட்டியே திரும்பி வந்தது. கூடவே உண்மையைச் சொல்லிவிடுவது என்றும் முடிவெடுத்தோம். முதல் போணி மூன்றாம் மாடி.

"அது கிதார் இல்லை, மாமி. ரைபிள். துப்பாக்கி."

மாமி விழுந்து விழுந்து சிரித்தார். "பொங்கலுக்கு வாசிக்கப் பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லேண்டி. அதுக்குப் போய் துப்பாக்கிங்கறியே!"

போன மாதம் கோவைக்கு ஒரு போட்டி. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் இருக்கைக்கு அடியில் நீண்டிருந்த பெட்டியைக் காலால் தொட்டு, "கீபோர்டா?" என்றார். ரைபிள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. காகிதங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார், பெட்டியைத் திறக்கச் சொன்னார், பார்த்தார், மூடச் சொன்னார். பிறகு எதிர் இருக்கையில் உட்கார்ந்தே விட்டார். 2024 பாரிஸில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். "நம்ம ஆளும்மா அவர்" என்று மகளிடம் சொன்னபோது, பதக்கத்தைத் தானும் கொஞ்சம் தூக்கிப் பிடித்த மாதிரி இருந்தது அவர் குரல். அறுபது குண்டில் எவ்வளவு வருகிறது, மூச்சை எப்போது நிறுத்துகிறாய், அந்தத் தடித்த ஜாக்கெட்டில் வியர்க்காதா என்று கேள்வி மேல் கேள்வி. அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள்.

எல்லாம் முடிந்து எழுந்தவர், என் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாரு? ஐடி எடுங்க."