மாப்ள, பிளக்கை விடுங்க

வாங்க மாப்ள, திண்ணையில ஒக்காருங்க. மகளக் குடுத்த எடம். அதட்டிப் பேசுனா கல்லல் கடைத்தெருவுல நாலு பேரு நாக்குமேல பல்லப் போட்டுப் பேசுவாக. அதனால மரியாதையாவே கேக்குறேன். பேரன் கம்ப்யூட்டர்ல வெளையாடிக்கிட்டே இருக்கான்னு வைஃபை பெட்டியோட பிளக்கையே புடுங்கிட்டீகளாமே? வீட்டுலருந்தே வேல பாருங்கன்னு பெங்களூருக் கம்பெனிக்காரன் ஒங்கள ஏன் அனுப்பி வச்சான்னு இப்பத்தான் வெளங்குது.

புடுங்குனதுக்கப்புறம் நடந்தது ஒங்களுக்குத் தெரியாது. கதவச் சாத்திக்கிட்டுத் தூங்கிட்டீக. அந்தப் பெட்டிக்குள்ளதான் கண்ணாடி இழை வந்து நுழையுது. வீட்டு போனும் அது வழியாத்தான் பேசுது. செம்புக் கம்பிக் காலத்துல கரண்டு போனாலும் போன் அடிக்கும், அதுக்கு வேண்டிய கரண்டு எக்ஸ்சேஞ்சுலருந்தே வந்துரும். இப்பப் பெட்டி அணைஞ்சா போனும் சேந்து அணைஞ்சுரும். பக்கத்துச் செட்டியார் வீட்டுச் சாவி எங்கிட்ட இருக்குல்ல? அங்க மாட்டியிருக்க கேமராவும் நம்ம லைன்லதான் ஓடுது. அவரு சிங்கப்பூர்ல ஒக்காந்து முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு ஒண்ணொண்ணா செல்போன்ல பாத்துட்டுத்தான் படுப்பாரு. அன்னைக்கு அம்புட்டும் கறுப்பாயிருச்சு. பர்மாத் தேக்குத் தூணுக்குக் காரைக்குடி பழஞ்சாமான் கடையில இருக்க கிராக்கி அவருக்குத் தெரியாதா? தூணக் கழட்டிட்டாகன்னே முடிவு கட்டி, வீட்டு போனுக்கு அடிச்சிருக்காரு. அது எங்க அடிக்கும்? கேமராப் படம் அது பாட்டுக்குச் செட்டியார் வீட்டு ரெக்கார்டர்ல பதிவாகிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அத சிங்கப்பூருக்கு யாரு சொல்றது?

ஒங்கள மட்டும் குத்தஞ் சொல்லவும் கூடாது. கோட்டையில இருக்கவுகளும் இதே வைத்தியந்தான பாத்தாக. 2018 மே 22-ல தூத்துக்குடியில ஸ்டெர்லைட் ஆலை வேணாம்னு போனவுக மேல போலீஸ் சுட்டு, மறுநாளையும் சேத்து 13 உசுரு போச்சு. அந்த மறுநாளே தூத்துக்குடியோட நிக்காம நெல்லை, கன்னியாகுமரியையும் சேத்து மூணு மாவட்டத்துக்கு நெட்ட நிறுத்துனாக. 27-ம் தேதி வரைக்கும்னு உத்தரவு. மத்த ரெண்டு மாவட்டத்த ஏன் சேத்தீகன்னு மதுரை ஹைகோர்ட்டே கேட்டுச்சு. காஷ்மீர்ல 2019 ஆகஸ்டுல நிறுத்துனது, மறு வருசம் ஜனவரியில 2ஜி-யா நொண்டிக்கிட்டு வந்துச்சு. 4ஜி வந்து சேர 2021 பிப்ரவரி ஆயிருச்சு. நடுவுல, 2020 ஜனவரி 10-ல, சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு: கால வரம்பில்லாம நிறுத்தக்கூடாது, தேவைக்கு மிஞ்சி நிறுத்தக்கூடாது, உத்தரவ ஊரறிய வெளியிடணும். அந்த வருசமே விதியத் திருத்தி, ஒரு உத்தரவு 15 நாளுக்கு மேல செல்லாதுன்னும் வச்சாக.

நாட்டுக்குச் சொன்ன தீர்ப்புதான். ஆனா ஒங்க வீட்டுக்கு அளவெடுத்துத் தச்ச சட்ட கணக்கா இருக்கே, கவனிச்சீகளா? ஒரு பயலுக்காக அம்புட்டுப் பேரையும் இருட்டுல தள்ளுனீக. எப்பத் திரும்ப வரும்னு சொல்லல. உத்தரவ வெளியிடவும் இல்ல. எம் மக அரைமணி நேரமா பில்லு கட்டலயோன்னு தேடிக்கிட்டுக் கெடந்தா.

வெட்டணும்னா அவன் கம்ப்யூட்டர்ல மட்டும் வெட்டுங்க. ஒங்களுக்குத் தெரியாததா? சும்மா எனக்கு ஞாபகம் இருக்கான்னு சொல்லிப் பாக்குறேன். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேத்து அமுக்குனா ஒரு சின்னக் கட்டம் வரும். அதுல என்சிபிஏ, ஒரு புள்ளி, சிபிஎல்-னு அடிச்சா நெட் வர்ற வழியெல்லாம் வரிசையா நிக்கும். வேண்டாத வழி மேல வலது கிளிக், டிசேபிள். திரும்ப வேணும்னா அதே எடத்துல எனேபிள். நம்ம கம்ப்யூட்டருக்கு வயரும் இருக்கு, வைஃபையும் இருக்கு. ஒண்ண மட்டும் அடைச்சா மத்தது வழியா ஓடும். ஃப்ளைட் மோடு போட்டாப் போதும்னு நீங்க நெனப்பீக. அது வைஃபைய நிறுத்தும், வயரத் தொடாது.

பேரனுக்கு எனேபிள் தெரியாதான்னு கேக்குறீகளா? எட்டாப்புப் படிக்கிறவன், ஒங்களுக்கே சொல்லிக் குடுப்பான். அதனால அவனுக்குச் சாதாரணக் கணக்கு ஒண்ணு தனியாப் போட்டு, அட்மின் பாஸ்வேர்ட மறைச்சு வைங்க. பாஸ்வேர்டு இல்லாம எனேபிள் ஆகாது. அதுக்கும் அவன் ஒரு வழி வச்சிருப்பான். அப்பத்தா செல்ல வயர்ல சொருகி, அதுலருந்து நெட்ட இழுத்துருவான். அப்பத்தா கேட்டா, பேரன் சார்ஜு ஏத்துறான்னு பெருமையாச் சொல்லும்.

இன்னொண்ணு. எனேபிள் போட்டும் வரலன்னா பதறி, பெட்டிக்குப் பின்னாடி இருக்க சின்ன ஓட்டையில குண்டூசிய விட்டுறாதீக. அது ரீசெட். லைனுக்கு உண்டான பேரும் பாஸ்வேர்டும் அதுல அழிஞ்சுரும். லைன்மேன் வந்து திரும்பப் போட்டாத்தான் உசுரு வரும், அவரு எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது. எல்ஓஎஸ்-னு எழுதுன வெளக்கு செவப்பா மினுக்குனா தப்பு பெரும்பாலும் இழையிலதான். நீங்க கம்ப்யூட்டர எத்தன தட்டு தட்டுனாலும் ஆகாது.

யோசிக்காமப் புடுங்க வேண்டிய நேரமும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிர்றேன். ஒங்க கை மவுஸ்ல இல்லாதப்ப திரையில அம்பு தானா நகந்தா, பேங்க்குலருந்து பேசுறோம், இந்த ஆப்ப ஏத்துங்கன்னு எவனாவது சொல்லி நீங்களும் ஏத்தித் தொலைச்சிருந்தா, அப்ப என்சிபிஏ-யும் வேணாம், சுப்ரீம் கோர்ட்டும் வேணாம். வயரப் புடுங்குங்க, வைஃபைய அணைங்க. செல்லுல 1930-க்கு அடிங்க. சைபர் குத்தத்துக்குன்னு இருக்க நம்பர் அது. எம்புட்டு வெரசாச் சொல்றீகளோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள முடக்க அம்புட்டுக்கு வழி இருக்கு. பெறகு பேங்க்குக்கும் சொல்லுங்க. கம்ப்யூட்டரச் சுத்தம் பண்ணாம எனேபிள் போடாதீக. படிச்ச மாப்ள இதுலெல்லாம் ஏமாறுவாரான்னு எம் மக கேட்டா. நான் வாயத் தொறக்கல.

சரி, அந்த அட்மின் பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கணும்னு இன்னும் சொல்லல பாருங்க. ஒங்ககிட்ட வேணாம் மாப்ள. பேரன் எட்டு மணிக்கே படுத்துர்றான். ராத்திரி ஒரு மணிக்கு வளவுல நீல வெளிச்சம் தெரியுதே, அது யாரு கம்ப்யூட்டரு? ஆபீஸ் மீட்டிங்குன்னு சொன்னீகளாம். மீட்டிங்குல விசிலா அடிப்பாக? பாஸ்வேர்ட எம் மககிட்ட எழுதிக் குடுத்துருங்க. ஒங்களுக்கும் ஒரு சாதாரணக் கணக்குப் போட்டுருவா. வேணும்னா அவகிட்ட மனுப் போடுங்க. நியாயமா நடக்குற புள்ள, 15 நாளுக்கு மேல நிறுத்தி வைக்க மாட்டா.