மொழியியலுக்கு நாம் எடுத்த ஓசி டியூஷன்

மொழி, சமூகம், சிந்தனை மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி மொழியியல் துறைகளில் ஒரு பாடம் நடத்துகிறார்கள். ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தப் பாடத்தில் கணிசமான பங்கு, நம் ஊர்ப் பெரிசுகள் திண்ணையில் வெற்றிலை மென்றபடி எடுத்த ஓசி டியூஷன். கேட்டு எழுதிக்கொண்டவர்களுக்கு டாக்டர் பட்டம். சொல்லிக்கொடுத்தவர்களுக்குத் 'தகவலாளி' என்று ஒரு பட்டம், பெரும்பாலும் பேர்கூட இல்லாமல். பீர்க்கன்கரணையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பார்க்கிறவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆகவே சரித்திரத்தை ஒரு தடவை நம் பக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

முதல் வகுப்பு 1812இல், சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில். கம்பெனி உத்தியோகத்துக்குக் கப்பலேறி வந்த, மீசை சரியாக முளைக்காத துரைகளுக்குப் பண்டிதர்கள் தமிழும் தெலுங்கும் கற்றுக்கொடுத்தார்கள். பரீட்சையில் தேறினால் சம்பளம் கூடும். துரைமார்களுக்குத் தமிழ்க் காதல் பிறந்த ரகசியம் இதுதான்.

இந்த ஏற்பாட்டின் சூத்திரதாரி சென்னைக் கலெக்டர் எஃப். டபிள்யூ. எல்லிஸ். 1816இல், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு ஒரு முன்குறிப்பு கொடுத்து, தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்று போட்டு உடைத்தார். ஆனால் நாற்பது வயதாகும்வரை பெரிதாக எதையும் அச்சேற்றுவதில்லை என்று மனிதருக்கு ஒரு விரதம் இருந்ததாம். நாற்பதைத் தாண்டிய கையோடு, 1819இல், ராமநாதபுரத்தில் போய்ச் சேர்ந்தார். "அடுத்த வருஷம் தீசிஸ் கொடுத்துடறேன் சார்" என்கிற ஆய்வு மாணவர்கள் இந்த இடத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளவும்.

அவர் சேர்த்துவைத்த காகிதங்கள் மதுரையில் ஒரு துரை வீட்டில் கிடந்தன. அந்த வீட்டுச் சமையல்காரர் அவற்றை மாதக்கணக்கில் அடுப்பு பற்றவைக்கவும் கோழி பொசுக்கவும் பயன்படுத்தினார் என்பது வால்டர் எலியட் என்ற துரை பின்னாளில் சொன்ன கதை. திராவிட மொழியியலால் முதலில் பயனடைந்தது ஒரு கோழிக் குழம்பு. எல்லிஸின் முன்குறிப்பு வந்து நாற்பது வருஷம் கழித்து, 1856இல், கால்டுவெல் தடிமனாக ஒரு ஒப்பிலக்கணம் போட்டார். மெரினாவில் சிலை அவருக்கு, அடுப்பு எல்லிஸுக்கு.

அடுத்த காட்சி அமெரிக்கா, யேல் பல்கலைக்கழகம். 1931இல் மொழியியலாளர் எட்வர்ட் சபீர் அங்கே வந்து சேர்கிறார். அவர் வகுப்பில் இரண்டு பேரை நாம் கவனிக்க வேண்டும். ஒருவர் பெஞ்சமின் லீ வோர்ஃப், தீ இன்ஷூரன்ஸ் கம்பெனியின் இன்ஸ்பெக்டர். பெட்ரோல் நிரம்பிய பீப்பாய் பக்கத்தில் பயந்து பயந்து நடக்கிற ஆட்கள், 'காலி' பீப்பாய் என்றதும் தைரியமாக சிகரெட் பற்றவைப்பதை அவர் கவனித்தார். உள்ளே இருக்கிற ஆவிதான் அதிக ஆபத்து. சொல் மனத்தைப் பிடித்து ஆட்டுகிறது என்ற கொள்கைக்கு அவர் சாட்சிக் கூண்டில் ஏற்றியவற்றில் இந்தப் பீப்பாயும் ஒன்று. இன்னொருவர் எமனோ. பெயரைக் கேட்டு யாரும் உயில் எழுத வேண்டாம், தங்கமான மனிதர். வோர்ஃப் ஹோப்பி மொழியைப் பெரும்பாலும் நியூயார்க்கில் வசித்த ஒரு ஹோப்பிக்காரரிடம் கேட்டே முடித்துக்கொண்டார். எமனோவோ 1935 முதல் 1938 வரை நீலகிரிக் குளிரில் தோடரிடமும் கோத்தரிடமும் மொழி கேட்டு எழுதினார். உலகத்துக்கு வோர்ஃப் பெயர்தான் தெரியும். மலை ஏறியவனைவிட மனசு ஏறியவனுக்குத்தான் மவுசு.

1962இல் ஒரு சர்வதேச மொழியியல் மாநாட்டுக்காக வில்லியம் பிரைட்டும் ஏ. கே. ராமானுஜனும், தென்னிந்தியாவில் பிராமணர் பேச்சும் மற்றவர் பேச்சும் எப்படித் தனித்தனி வழியில் மாறுகின்றன என்று கட்டுரை எழுதினார்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் தாம்பரம் வட்டாரத்தில் வாடகைக்கு வீடு தேடிப் போன் போட்டுப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவர் இரண்டே வாக்கியத்தில் இந்த ஆராய்ச்சியை முடித்துவிடுவார். சந்தேகம் மிச்சமிருந்தால் ஒரே ஒரு துணைக்கேள்வி: "நீங்க வெஜ்ஜா?"

எழுபதுகளில் ஸ்டீபன் லெவின்சன் என்ற மொழியியலாளர் கோயம்புத்தூர் மாவட்டத்து கிராமம் ஒன்றில் தங்கினார். அவரும் பெனலபி பிரவுனும் சேர்ந்து எழுதி 1978இல் வெளியிட்ட மரியாதைக் கோட்பாடு மூன்று மொழிகளின் தோளில் நிற்கிறது. ஆங்கிலம், மெக்சிகோவின் ட்ஸெல்டால், கொங்குத் தமிழ். நேரடியாகக் கேட்டால் எதிராளியின் முகம் வாடும், அதனால் ஜனங்கள் சுற்றி வளைக்கிறார்கள் என்பது அதன் சாரம். பக்கத்து வீட்டு அக்கா உறைமோர் வாங்க வருகிற அழகைப் பார்த்தால் போதும். "பால் காய்ச்சியாச்சா?" என்பார். "வெயில் பாரேன்" என்பார். கிண்ணம் முந்தானைக்குள் இருக்கும். உறைமோர் என்ற பேச்சை எடுப்பது நாமாகத்தான் இருக்கும். யார் யாரை 'நீ' என்கிறார்கள், யாருக்கு 'நீங்க' என்பதையும் லெவின்சன் சாதிவாரியாகப் பதிவு செய்தார். பேரன் வயசுப் பையனிடம் 'நீ' வாங்கிக்கொண்டு, அவனுக்கு 'நீங்க' கொடுத்த கிழவர்களுக்கு அந்தப் பாடம் பிறந்த அன்றே மனப்பாடம். அவர்களுக்கு மட்டும் சர்ட்டிபிகேட் கிடையாது.

தொண்ணூறுகளில்தான் வோர்ஃபின் வழக்கு நம் கோர்ட்டுக்கே வந்தது. லெவின்சன் அப்போது நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பெரிய ஆள். அந்தக் குழுவின் எரிக் பெடர்சன் தமிழ்நாட்டுக்கு வந்தார். இங்கே நடத்திய சோதனைகளில் ஒன்று இது: மேஜையில் பொம்மை விலங்குகளை வரிசையாக நிறுத்தி, பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பிறகு ஆளை அப்படியே திருப்பி, எதிர்ப்பக்கம் பார்க்க வைத்து, இன்னொரு மேஜையில் அதேபோல அடுக்கச் சொல்வார்கள். இடது வலது என்று நினைப்பவர் தன் கைப்பக்கத்தை வைத்து அடுக்குவார். வடக்கு தெற்கு என்று நினைப்பவருக்கு, தான் திரும்பினாலும் பொம்மை வடக்கே பார்க்க வேண்டும். வழி சொல்ல வடக்கு தெற்கு பேசிய கிராமத்தவர் ஒரு பக்கமும், இடது வலது பேசிய நகரத்தவர் ஒரு பக்கமுமாகப் பெரும்பாலும் சாய்ந்தார்கள். பேசுவது ஒரே தமிழ். இரண்டு வகைச் சொல்லும் இரண்டு பேருக்கும் தெரியும். ஆக மனத்தை ஆட்டிவைப்பது மொழி என்று மொட்டையாகச் சொல்ல முடியாது; எந்தத் தெருவில் எப்படிப் பேசிப் பழகினோம் என்பதையும் கேட்க வேண்டும். வோர்ஃப் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை, வாய்தா வாங்கிக்கொண்டார்.

அந்த வாய்தா இன்றும் பீர்க்கன்கரணையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பேரூராட்சியாக இருந்த ஊரை 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்த்துவிட்டார்கள், நாக்கைச் சேர்க்கவில்லை. கூரியர் பையன் வழி கேட்டால் பாட்டி "ஏரிக்குத் தெக்கால" என்பார். ஆட்டோக்காரர் "சோத்தாங்கைப் பக்கம் ஒடி" என்பார். போனுக்குள் இருக்கும் அம்மணி நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பச் சொல்வார். பையன் மூன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நமக்கே போன் போடுவான்: "அண்ணா, கொஞ்சம் வெளிய வந்து கை காட்டுங்க." லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் போய் நின்று கையாட்டும்போதுதான், மொழிக்கும் சிந்தனைக்கும் நடுவில் சமூகத்தை ஏன் செருகினார்கள் என்று விளங்கும்.