கைப்பேசிப் பாடு

மோட்டார் பந்தயங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் ஒரே தடத்தில் இறங்கி முட்டி மோதிக்கொள்வது ஒன்று. மண்பாதையிலும் மலைப்பாதையிலும் வண்டிகள் குறித்த இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு மட்டும் மல்லுக்கட்டுவது மற்றொன்று. முன்னதற்கு, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமாக இருந்து கைவிடப்பட்ட சோழவரம், 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை தமிழ்நாட்டின் தலைமைப்பீடமாக விளங்கியது. பின்னதற்கு ராலி என்று பெயர்; அதனைப் பேரணி என்று மொழிபெயர்த்தால் கொடி பிடிப்பவர்களும் பந்தோபஸ்துக் காவலர்களும் வந்துவிடுவார்கள் என்பதால், இக்கட்டுரையிலும் ராலி என்றே வழங்கப்படுகிறது. சோழவரத்திலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே சென்று, கும்மிடிப்பூண்டியைக் கடந்து, சோதனைச்சாவடியால் லாரி ஓட்டுநர்கள் நடுவே பெயர்பெற்ற எளாவூரில் இறங்கி, கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போகிறவருக்கு ராலியின் தத்துவத்தை விளக்க வேண்டிய தேவை அதிகம் இராது. ஏனெனில் அந்த ஏரியின் மீனவக் குப்பங்கள் சிலவற்றில் அது வேறொரு பெயரில் தலைமுறைகளாக நடந்துவருகிறது. அப்பெயர் பாடு.

பாடு என்பது, இறாலும் மீனும் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் வலைவிரித்துச் சண்டையிட்டுக்கொள்ளாதபடி, சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் மீன்பிடிக்கலாம் என்று வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு. அதில் பங்குபெறும் உரிமை தலைக்கட்டு, அதாவது குடும்பத்தலைவர், கணக்கில் வழங்கப்படுகிறது. ராலியிலும் பாதை ஒன்றே, முறை மட்டும் வேறு. அங்கே முதலில் புறப்படுபவர் மேலே கிடக்கும் சரளையைத் தம் சக்கரங்களால் கூட்டிப் பெருக்கி நேரத்தை இழக்க, பின்னால் வருபவர் துப்புரவான பாதையில் சுகமாகப் போகிறார் என்பதால், எந்த முறை யாருக்கு வாய்க்கிறது என்பதில் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. இதனை ஏரிக்கரையில் சொன்னால், கேட்பவர் வியப்படையாமல், ‘இதற்கா இவ்வளவு பெட்ரோல்?’ என்று மட்டும் கேட்கக்கூடும்.

ராலியைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தவற்றுள் செவ்வியல் தகுதி பெற்றது ‘காலின் மெக்ரே ராலி’ என்னும் ஆட்டம். 1995இல் உலக ராலிப் பட்டம் வென்ற ஸ்காட்லாந்து வீரரின் பெயரைத் தாங்கி, 1998இல் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் வெளியிட்ட இந்த ஆட்டத்தின் கைப்பேசி வடிவம், 2013இல் ஐபோனுக்கும் பின்னர் ஆண்ட்ராய்டுக்கும் வந்தபோது, ஆஸ்திரேலியா, கோர்சிகா, கிரீஸ் ஆகிய இடங்களின் பாதைகள் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. உள்ளங்கைக்குள் அடங்கிய ஆட்டம் ஒருவருக்கு மட்டுமே உரியது என்று ஆக்கியவர்கள் கருதியிருக்கலாம். ஆயினும் ஒரு கைப்பேசிக்கு ஆறு பேர் காத்திருக்கும் குடியிருப்புகளில் அது பொதுநீராகவே கருதப்பட்டு, பாட்டு முறை தானாக அமைந்துவிடுகிறது. முதல் முறைக்காரருக்கு நூறு விழுக்காடு சார்ஜும் ஆறாம் முறைக்காரருக்கு நான்கு விழுக்காடும் கிடைப்பதால், இங்கே சரளையின் விதி தலைகீழாகி, முந்தியவர் கொழிக்கிறார். கைப்பேசி அக்காவுடையதாக இருப்பின், தலைக்கட்டுக் கணக்கில் இடம்பெறாத அவர், எந்தப் பாட்டின் நடுவிலும் வந்து, எந்தக் காரணமும் கூறாமல், அதனைப் பிடுங்கிக்கொள்ளும் தனியுரிமை உடையவர்.

வண்டியைத் திருப்பும் முறைகள் இரண்டும் கைப்பேசியின் உடற்கூற்றைச் சார்ந்தவை. முதலாவது, கைப்பேசியையே சாய்த்துத் திருப்புவது. இதற்கு உதவும் முடுக்கமானி என்னும் உறுப்பில், சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று மெல்லிய தாங்கிகளில் தொங்குகிறது. அது எப்பக்கம் நகர்கிறது என்பதைக் கொண்டே கைப்பேசி தன் சாய்வை அறிகிறது. புவியீர்ப்பின் இழுப்பையும் ஊர்தி வளையும்போது உண்டாகும் தள்ளலையும் அவ்வுறுப்பு பிரித்தறியாது. ஐன்ஸ்டைனே அவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு தம் கொள்கையைக் கட்டியவர் என்பதால், அதனைக் குறைசொல்வதற்கும் இல்லை. இதன் விளைவாக, எளாவூர் ரயிலடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு ஆடுகிறவரின் ஆட்டோ வலப்புறம் திரும்பினால், ஆட்டத்து வண்டி இடப்புறம் பாய்ந்து கோர்சிகாவின் மதிற்சுவரைத் தழுவுகிறது. அப்போது ஓட்டுநரைத் திட்டுவது அறிவியல் அடிப்படையில் சரியே எனினும், சில்லறை வாங்கும்வரை ஒத்திவைப்பது உத்தமம்.

இரண்டாவது, திரையில் வரைந்த பொத்தான்களைத் தொட்டுத் திருப்புவது. தொடுதிரை, மின்சாரத்தைக் கடத்தும் விரல் அருகில் வருவதை உணர்ந்து இயங்குவது. உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே வலையிலிருந்து இறாலைப் பிரித்தெடுத்த ஈரக்கையோடு வருபவர் கைலியில் ஒப்புக்குத் துடைத்துவிட்டுத் தொட்டால், திரையில் ஒட்டிய ஒவ்வொரு துளியும் ஒரு விரலாகி, ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒருங்கே மிதிக்க, எந்த உலகச் சாம்பியனும் செய்திராத வித்தைகளை வண்டி தானே செய்துகாட்டுகிறது.

ராலியின் உயிர்நாடி, பக்கத்தில் அமர்ந்து பாதைக் குறிப்பைப் படிக்கும் துணை ஓட்டுநர். அவர் வளைவின் திசை, அதன் கூர்மையைக் காட்டும் எண், அடுத்த வளைவுக்கு உள்ள தொலைவு ஆகியவற்றை இடைவிடாது உரைத்துக்கொண்டிருப்பார். மெக்ரேயின் துணை ஓட்டுநரான நிக்கி கிரிஸ்ட்டின் குரலே மூல ஆட்டத்தில் அப்பணியைச் செய்தது. ‘கொண்டை ஊசி’ என்று அவர் எச்சரிப்பதன் முழுப் பொருளை உணர, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்குச் செல்ல வேண்டும். வேகத்தடையே மிக உயர்ந்த மேடாக நிற்கும் ஏரிக்கரையில் அது விளங்குவதற்கில்லை. மேலும் அவர் ஆங்கிலத்தில் பேசுவதால், அப்பதவி சுற்றிக் குந்தியிருக்கும் ஐவருக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அவர்களுள் எதிரே குந்தியிருப்பவருக்குத் திரை தலைகீழாகத் தெரியும். அவர் பதற்றத்தில் ‘சோத்தாங்கை, சோத்தாங்கை!’ என்று அலற, ஆடுபவர் வலப்புறம் சாய்த்து மரத்தில் மோதிய பிறகே, ‘உன் சோத்தாங்கையா, என் சோத்தாங்கையா?’ என்னும் அடிப்படை வினா எழுப்பப்படுகிறது. ஆழங்குறைந்த ஏரியில் படகின் முனையில் நின்று மேடு காட்டுபவரும் கழி ஊன்றுபவரும் ஒரே திசையை நோக்கி நிற்பதன் அருமை, இவ்விடத்தில்தான் நன்கு விளங்குகிறது.

பாடு என்னும் சொல்லுக்கு முறை என்பதோடு, பட்ட துன்பம் என்றும் அகப்பட்ட மீன் என்றும் பொருள் உண்டு. ஏரியிலிருந்து திரும்புபவரிடம் ‘என்ன பாடு?’ என்று கேட்பது போலவே, கைப்பேசியை ஒப்படைப்பவரிடமும் அடுத்த முறைக்காரர் கேட்கிறார். கோர்சிகாவை எத்தனை நிமிடத்தில் கடந்தார் என்பதோ, எத்தனை மரங்களைச் சாய்த்தார் என்பதோ அதற்கு விடையாகாது. ஏரியில் பாடு என்பது ஒருவர் கொண்டுவந்தது. கைப்பேசியில் பாடு என்பது ஒருவர் மிச்சம் வைத்தது. ஆகவே, ‘பதினொரு விழுக்காடு’ என்று சொன்னால், அது நல்ல பாடு.