மருமகன் வாங்கிய மிஷின்

வா மருமகனே, உக்காரு. நாய்க்கு முடி வெட்ட மிஷின் வாங்கியாந்திருக்கியாமே, உங்க அத்தை சொன்னா. எடு பாப்போம். அடேங்கப்பா, பெட்டியே பிரமாதம்! வெள்ளைக்காரி ஒருத்தி நாயைக் கட்டிப்பிடிச்சுச் சிரிக்கிறா. நாயும் சேந்து சிரிக்குது. உள்ள என்னென்ன இருக்கு? மிஷின் ஒண்ணு, கத்தரி ரெண்டு, நகவெட்டி, அரம், பிரஷ்ஷு, சொட்டு எண்ணெய், அப்புறம் பிளாஸ்டிக் சீப்பு மட்டும் ஒரு கூடை. இம்புட்டும் ஆயிரத்துச் சொச்சத்துக்கா? குடுத்து வச்சவன்யா நீ. உன் கல்யாணச் சீர்ல கூட உங்க மாமனார் இத்தனை உருப்படி வைக்கல.

சரி, சீப்பையெல்லாம் ஓரமா வை. வெட்டப்போறது அதுக இல்ல. பிளேடைக் கழட்டு. என்ன, வரலையா? நெம்பாத, ஒடஞ்சிரும். கழட்ட முடியாத பிளேடைச் சாணை பிடிக்கவும் முடியாது, மாத்தவும் முடியாது. மொக்கையான அன்னைக்கு மிஷினோட சேத்துக் குப்பையிலதான் போடணும். கடைக்காரன்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது "பிளேடு தனியாக் கிடைக்குமா?"ங்கிற ஒரே கேள்விதான். நீ என்ன கேட்டிருப்பனு எனக்குத் தெரியும். "வேற கலர் இருக்கா?"னு கேட்டிருப்ப.

நாய் முடி வெட்டிப் பிழைக்கிறவங்க கையில என்ன இருக்குனு பாரு. ஆஸ்டர், ஆண்டிஸ், வால், இந்த மூணுல ஒண்ணு அநேகமா இருக்கும். மூணும் அமெரிக்கக் கம்பெனி. அதுகள்ல ஏ-5னு ஒரு பிளேடு அமைப்பு உண்டு. அந்த அமைப்புல வந்த மிஷினா இருந்தா ஒரு கம்பெனி பிளேடு இன்னொரு கம்பெனி மிஷின்ல டக்குனு உக்காரும். யாவாரத்துல அடிச்சுக்கிட்டாலும் இந்த ஒரு விசயத்துல ஒத்துமையா இருக்கானுக.

பிளேடு மேல நம்பர் போட்டிருக்கும். நம்பர் ஏற ஏற முடி குட்டையாகும். 4எஃப் போட்டா 9.5 மில்லிமீட்டர் முடி நிக்கும். 5எஃப் போட்டா 6.3, 7எஃப்னா 3.2, 10ஆம் நம்பர்னா 1.5. அதுக்கு மேல 40னு ஒண்ணு இருக்கு, அது கால் மில்லிமீட்டர். மாட்டாஸ்பத்திரியில நாய் வயித்துல கத்தி வைக்கிறதுக்கு முன்னால மழிக்கிற பிளேடு அது. பெரிய நம்பர்னா ஒசத்திச் சரக்குனு நெனச்சு நீ அதைத்தான் கேட்டு வாங்கிருப்ப, நல்லவேளை நீ போன கடையில இல்ல. அந்த எஃப் எழுத்தையும் கவனிச்சுக்க. அது இல்லாத 7, 5, 4ல ஒரு பல் நீளமாவும் ஒரு பல் குட்டையாவும் இருக்கும். அந்த இடுக்குல காது நுனியோ கக்கத்துத் தோலோ மாட்டுச்சுன்னா ரத்தம்தான். உன் கை நடுங்குற நடுக்கத்துக்கு எஃப் எழுத்து இல்லாம நீ கிட்டயே போகப்படாது.

சுவிட்சைப் போடு. ம்ம், சத்தம் நல்லாத்தான் இருக்கு. இப்ப உன் கை ரோமத்துல இல்ல, உன் ஷிட்சு நாய் முதுகுல அடர்த்தியா இருக்கிற எடத்துல வச்சுப் பாரு. பாத்தியா, சுருதி எறங்குது! மோட்டார் தெணறுது. இனி அது வெட்டாது, பிடுங்கும். நாய் ஒருதடவை பொறுத்துக்கும். அடுத்ததடவை நீ பெட்டியைத் தொறக்கிற சத்தத்துக்கே கட்டிலுக்கடியில போயிரும். அப்புறம் உன் மாமியார் வந்து கூப்பிட்டாலும் வராது.

பெட்டி மேல நிமிசத்துக்கு இத்தனை ஆயிரம் வெட்டுனு கொட்டை எழுத்துல போட்டிருக்கானே, அதைப் பாத்துத்தானே மயங்குன? சலூன்ல மனுசத் தலைக்கு ஓட்டுற மிஷின் பலதுல உள்ள சுத்துற மோட்டாரே கிடையாது. ஒரு காந்தச் சுருளுதான். கரண்டு துடிக்கிற ஒவ்வொரு துடிப்புக்கும் பிளேடை இழுத்து விடும். எண்ணிக்கை ஏகத்துக்கு வரும், அடர்ந்த முடியில முக்கித் தள்ளுற தெம்பு வராது. நாய்க்கு வேண்டியது ரோட்டரிங்கிற சுத்துற மோட்டார். தொழில்காரங்க மிஷின்ல 3,000, 4,000ங்கிற அளவுலதான் வெட்டு ஓடும். ஆனா சடை மேல போனாலும் சுருதி மாறாது. வேகம் ரெண்டு இருந்தா மெதுவான வேகத்தையே வச்சுக்க. வேகம் கூடுனா சூடும் கூடும்.

அமெரிக்காவுல இருக்கிற உன் மச்சான் வரும்போது ஒண்ணு கொண்டாரச் சொல்லலாம்னு ஒரு யோசனை உனக்குள்ள ஓடுது. கண்ணுலயே தெரியுது. சொல்லு, வேணாங்கல. அங்க கரண்டு 120 வோல்ட்டு, 60 சைக்கிள். இங்க 230 வோல்ட்டு, 50 சைக்கிள். அப்பிடியே சொருகுனா புகை வரும், நாய்க்குச் சாம்பிராணி போட்டதா வச்சுக்கலாம். டிரான்ஸ்பார்மர் வாங்கி வைக்கலாம்தான், ஆனா அது வோல்ட்டைத்தான் எறக்கும், சைக்கிளை மாத்தாது. 60க்குச் சுருதி கூட்டின காந்தச் சுருள் மிஷின் 50ல ஓடுனா கடகடன்னு பிளேடு ஆடும், வெட்டு விழுகாது. சார்ஜ் போடுற மிஷின்னா சார்ஜர்ல 100 முதல் 240 வோல்ட்டுனு எழுதியிருக்கானு பாத்து வாங்கியாரச் சொல்லு. ரிப்பேருன்னா மச்சான்கிட்டயே குடுத்து அனுப்பிக்கலாம், அவரும் ரெண்டு வருசத்துக்கொருக்க வாராருல்ல.

எந்த மிஷினா இருந்தாலும் பிளேடு சுடும். அஞ்சு நிமிசத்துக்கொருக்க நிறுத்தி உள் மணிக்கட்டுல பிளேடை வச்சுப் பாரு. உனக்குச் சுருக்குனு இருந்தா அதுக்கும் சுருக்குனுதான் இருக்கும். அதுக்கு வாய் இல்ல, பல்லு இருக்கு. ரெண்டாவது பிளேடு ஒண்ணு கைவசம் இருந்தா ஒண்ணு ஆறுறதுக்குள்ள மத்ததை மாட்டிக்கலாம். எண்ணெய் விடணும்னு தேங்காயெண்ணெயை ஊத்தாத, பிசுபிசுத்துப்போயி முடித்தூளோட சேந்து பிளேடு இறுகிப்போகும். கிளிப்பர் எண்ணெய்னே சின்னக் குப்பியில விக்கிறான். வெட்டுறதுக்கு முன்னால குளிப்பாட்டி, நல்லாக் காயவச்சு, சிக்கெடுத்திரு. மண்ணு ஒட்டின முடியில ஓட்டுனா எவ்வளவு ஒசத்திப் பிளேடும் ஒரே நாள்ல மழுங்கிரும். உன் கூடைச் சீப்புகூடச் சிக்கெடுத்த முடியிலதான் நகரும்.

இவ்வளவும் ஷிட்சுக்கு. அதுக்கு முடி வளந்துக்கிட்டே இருக்கும், வெட்டித்தான் ஆகணும். பூடிலு, லாசா ஆப்சோ, மால்டீஸ் எல்லாம் அதே கதைதான். ஆனா உன் மாடிவீட்டுக்காரரு லாப்ரடாருக்கு வெயில் தாங்கலனு அதையும் மழிச்சுத் தரேன்னு வாக்குக் குடுத்தியாமே, தரும பிரபு! லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பொமரேனியன் இதுகளுக்கெல்லாம் முடி ரெண்டு அடுக்கு. மேல முரடு, உள்ள பஞ்சு. குளிரை மட்டுமில்ல, வெயிலையும் அதுதான் தடுக்குது. நாய்க்கு வேர்க்கிறது பாதத்துலதான், உடம்புச் சூட்டை நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் எறக்கும். ஒட்ட மழிச்சா வெயில் நேரா தோல்ல அடிக்கும், திரும்ப முளைக்கிற முடியும் திட்டுத்திட்டா வரலாம், சிலதுக்கு வராமலே போகலாம். உள்முடியை வாருற சீப்பு ஒண்ணு வாங்கிக் குடு, அது போதும் அவருக்கு.

வாசல்ல படுத்திருக்கானே நம்ம சிப்பிப்பாறை, அவனுக்கும் ஒரு ஓட்டு ஓட்டிப் பாக்கணும்னு உங்க அத்தைகிட்டச் சொன்னியாம். அவன் மேல என்னடா இருக்கு வெட்ட? எலும்பு தெரியத் தோலோட ஒட்டின முடி. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, 2005ல தபால்தலையில ஏறுன ராஜபாளையம், இதுக எதுக்கும் மிஷின் வேணாம். ரப்பர் பிரஷ்ஷால ஒரு தேய்ப்பு, ஈரத்துணியால ஒரு தொடைப்பு, தீந்துச்சு வேலை.

பில்லு வச்சிருக்கியா, அதையும் தொலைச்சிட்டியா? இருந்தா இன்னைக்கே போயித் திருப்பிக் குடு, கூடைச் சீப்பை எண்ணிப் பாத்துக் குடு. மேல கொஞ்சம் பணம் போட்டு, பிளேடு கழட்டுற ரோட்டரி மிஷின் ஒண்ணு, 10ஆம் நம்பர் ஒண்ணு, 4எஃப் ஒண்ணு வாங்கு. பணம் பத்தலன்னா மச்சானைக் கேளு, என்னைக் கேக்காத.